அழக்கூடாத வீடு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அமலியைப் பண்ணைக்காடு பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். இது நியாயமா என்று வாசகியர் சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். நியாயமில்லைதான். ஆனால் அந்தப் பெண்ணும் அப்படித்தான் நின்றாள். தையல் வகுப்பு முடிந்து, மாணிக்கத்தின் ஜீப் இதோ வரும் அதோ வரும் என்று பார்த்துப் பார்த்து, பனி இறங்கி, கடைசி பஸ்ஸும் வந்தபிறகு வேறு வழியில்லாமல் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள்.

கோபமாகத்தான் வந்தாள். "இது தபசு காலம், கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. பாஸ்காத் திருநாள் கழியட்டும், எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வர்றேன். நாளைக்கு பஸ் ஸ்டாப்புல நில்லு, மிச்சத்தப் பேசுவோம்" என்று சொன்னவன் அவன்தானே? வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு சந்தைக்குப் போன ஜீப் திரும்பிவர இத்தனை நேரமா? இனி அவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு படுத்தாள்.

விடிந்தும் விடியாததுமாக வாசலில் நாட்டாமை சூசைமுத்துவின் குரல் கேட்டது.

"தாயி, வெரசா வா. துக்க மணி அடிக்கணும்."

அமலி கோயில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அது அவள் வீட்டுச் சோலி. பண்ணைக்காட்டுக்குக் கீழே காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கும் சவரிக்காட்டுக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் கையில். மணி அடிப்பது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது, உயிர் ஊசலாடுகிறவர் காதில் சேசு மரி சூசை சொல்வது, செத்தவரைக் குழிவரை ஜெபத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து ஒரே வீடு. இப்போது அமலியின் அய்யா பரமானந்தம். கார்த்திகை மாதம் வாதம் வந்து அவருக்கு வாயும் வலது கையும் விழுந்துவிட்டன. ஆண்பிள்ளை இல்லை. இருப்பது அமலி ஒருத்திதான். அதனால் மணிக்கயிறு இவள் கைக்கு வந்தது.

சவரிக்காட்டு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. பொம்பளை போனால் சின்ன மணி. ஆம்பளை போனால் பெரிய மணி. கல்யாணம் ஆகாமல் போனால் இரண்டும் மாறி மாறி. மணியைக் கேட்டே ஊர் பாதி தெரிந்துகொள்ளும்.

"ஆம்பளையா பொம்பளையா மாமா?" என்று கேட்டாள் வழக்கம்போல.

"ஆம்பள."

பெரிய மணியின் கயிற்றைப் பிடித்தாள்.

"கல்யாணம் ஆனவகளா?"

"ஆகல தாயி. எளந்தாரிப் பய." நாட்டாமை துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மற்றக் கையால் சின்ன மணியின் கயிற்றையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "யாரு மாமா?"

"நம்ம கித்தேரி மகன்தான். மாணிக்கம். நேத்துச் சாயங்காலம் ஊத்துக்கு மேல வளைவுல பனி மறைச்சு ஜீப்பு பள்ளத்துல போயிருச்சு. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில விடிஞ்சதும் அறுத்துக் கட்டிக் குடுத்துருவாங்க. மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துருவாங்க. அடி தாயி."

அடித்தாள். அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை. அவள் அடித்தாள். பெரியது, சின்னது, பெரியது, சின்னது. கைக்குப் பழக்கம் இருக்கிறதே, அது மனசைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. ஊர் முழுக்கக் கதவுகள் திறந்தன. மணியில் ஒரு பிசகு இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சூசையம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பாவிமகன், கித்தேரிக்கு அவன விட்டா யாரு இருக்கா? புருசனும் இல்ல. இப்ப புள்ளையும் இல்ல."

அமலி கதவோரம் உட்கார்ந்தாள். அவள் கையும் முந்தானையைத் தேடியது. அப்போது டொக் டொக்கென்று சத்தம். கட்டிலில் சாய்ந்திருந்த அய்யா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அய்யா ஒரு விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்து, கன்னத்தின் வழியே இறக்கினார். பிறகு அதே விரலை அப்படியும் இப்படியும் ஆட்டினார். கூடாது.

பேச்சு இருந்த காலத்திலேயே அய்யா இதைச் சொல்ல வாயைத் திறந்ததில்லை. இந்த விரல்தான். சாவு விழுந்தால் உபதேசியார் வீட்டார் அழக்கூடாது. அந்த வீட்டுக் கண்ணீர் விழுந்தால் போகிற ஆத்துமம் வழி தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும் என்று சவரிக்காட்டில் நம்பிக்கை. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. பாட்டன் தன் மனைவியை அடக்கம் செய்தபோதும் அழவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அமலியின் தம்பி கைக்குழந்தையாகப் போனபோது அய்யா கல்லுப் போல நின்று ஜெபம் சொன்னார். அம்மா மட்டும் புரண்டு அழுதாள். அம்மா வேறு வீட்டில் பிறந்து வந்தவள். அவள் அழலாம். அமலி அந்த வீட்டு ரத்தம். எட்டு வயதில் தம்பியின் பெட்டிக்குப் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "உபதேசியார் மக பாரு, எம்புட்டு தைரியம்" என்று ஊர் மெச்சியது.

அன்றிலிருந்து அவள் உபதேசியார் மகள்தான். அமலி என்று ஒருத்தி இருப்பதே ஊருக்கு மறந்துவிட்டது. கிணற்றடியில் பெண்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் குடத்தோடு வந்ததும் "ஏய், உபதேசியார் மக" என்று பேச்சை மாற்றுவார்கள். பண்ணைக்காட்டு டூரிங் கொட்டகைக்குக் கூட்டமாகப் போவார்கள், இவளைக் கூப்பிட மாட்டார்கள். மரியாதைதான், வேறென்ன? அந்த மரியாதையில் ஒரு பெண்பிள்ளை இத்தனை வருஷம் தன்னந்தனியாக இருந்தாள்.

மாணிக்கம் மட்டும்தான் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "உபதேசியார் மகளேன்னு கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிரும். அமலின்னு கூப்புடலாமா?"

அவள் தலையாட்டினாள். அவன் பேரை இவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இந்தாங்க", "கேளுங்க" என்பதோடு சரி. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் வீட்டுக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

நாட்டாமை மறுபடி வந்தார். உட்காரவில்லை. அய்யாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உபதேசியாரே, சாமியாருக்கு ஆள் அனுப்பினோம். தியானத்துக்கு மதுரை போயிட்டாராம். அறுத்த ஒடம்பு, வச்சிருக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிரணும். ஜெபத்துக்கு..." என்று சொல்லிவிட்டு அமலியைப் பார்த்தார்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். "அண்ணே, மணி அடிக்கிறது வேற. பொட்டப்புள்ள பொணத்துத் தலமாட்டுல நின்னு ஜெபம் சொல்றதாவது? அவ மூஞ்சியப் பாருங்க, ரத்தமே இல்ல. பயந்து கெடக்கா."

"வேற யாரு இருக்கா சூசையம்மா? புத்தகம் பாத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் போனவன் எவனாச்சும் வருவான். கித்தேரி ஒத்துக்கிடுமா? உபதேசியார் வீட்டு வாயால போனாத்தான் தன் மகன் கரையேறுவான்னு இப்பவே கேட்டுக்கிட்டுக் கெடக்கு."

அய்யாவின் கண்கள் அமலியின் மேலேயே இருந்தன. அதில் ஒரு கெஞ்சல் இருந்தது. இந்த வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

"நான் வர்றேன் மாமா" என்றாள் அமலி.

அய்யாவுக்காகச் சொன்னாள் என்று நாட்டாமை நினைத்தார். ஊருக்காக என்று அம்மா நினைத்தாள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தலைமாட்டில் நிற்பதற்கு அவளுக்கு வேறு என்ன உரிமை இருக்கிறது? உறவு சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கூட்டத்தில் ஒருத்தியாகப் பின்னால் நிற்கலாம், அவ்வளவுதான். ஜெபம் சொல்கிறவளாகப் போனால் அவன் பக்கத்தில் நிற்கலாம். அவன் வழி தப்பாமல் போக வேண்டுமென்றால் அழக்கூடாது. அழாமல் இருக்கத் தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

கித்தேரியம்மாள் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பெஞ்சு மேல் வெள்ளைத் துணியில் பொதிந்து மாணிக்கத்தைக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. நெற்றியில் ஒரு காயம். மற்றபடி தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான். மீசை ஓரத்தில் ஒரு சின்ன மண்துகள் ஒட்டியிருந்தது. துடைக்க வேண்டும்போல் அமலியின் விரல் துடித்தது. ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பெண்ணாக வந்து விழுந்து அழுதார்கள். மேலத்தெரு ராக்கம்மா, அவனோடு நாலு வார்த்தை பேசியிருப்பாளோ என்னவோ, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "எங்க வீட்டு மூட்டையக்கூட காசு வாங்காம ஏத்திட்டு வருவியே அய்யா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அமலிக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. ஒரு மூட்டைக்கு இத்தனை அழலாமா? அப்படியானால் நான் எவ்வளவு அழ வேண்டும்?

"சத்தம் போடாதீங்க. உபதேசியார் மக வந்துருச்சு" என்றார் நாட்டாமை.

கூட்டம் அடங்கியது. அமலி தலைமாட்டில் நின்று சிலுவை வரைந்தாள். குரல் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது. அய்யாவின் ராகத்திலேயே, அய்யா இழுக்கும் இடத்தில் இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி வந்தது. சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த ஜெபம் தானாக வந்தது.

"ஆண்டவரே, இவ்வுலகை விட்டு உம்மிடம் வரும் உமது அடியான்..."

இந்த இடத்தில் செத்தவரின் ஞானஸ்நானப் பேரை முழுசாகச் சொல்ல வேண்டும்.

"...சூசைமாணிக்கத்தின் ஆத்துமத்துக்கு இரங்கியருளும்."

"இரங்கும் சுவாமி" என்றது ஊர்.

சொல்லிவிட்டாள். முதல்முறையாக அவன் பேரைச் சொல்லிவிட்டாள். ஊர் முழுக்கக் கேட்க, அவன் தலைக்கு மேலே நின்று. யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொன்னால் என்ன என்று தோன்றியது.

அந்த ஜெபத்தில் பேர் வருவது முதலிலும் கடைசியிலும்தான். நடுவில் எல்லாம் "இந்த ஆத்துமம்" என்றுதான் வரும். அமலி "இந்த ஆத்துமம்" என்று வந்த இடத்திலெல்லாம் சூசைமாணிக்கம் என்றாள். சூசைமாணிக்கத்தின் பாவங்களை நினையாதேயும். சூசைமாணிக்கத்தை இருளில் விடாதேயும். சூசைமாணிக்கத்தைக் கைவிடாதேயும். ஊர் பாட்டுக்கு "இரங்கும் சுவாமி" என்று பின்னால் சொல்லிக்கொண்டே வந்தது. நாட்டாமைக்குத் தெரியவில்லை. ராக்கம்மாவுக்குத் தெரியவில்லை. அமலியின் கண் காய்ந்தே இருந்தது. கல்யாணம் ஆகி, வீட்டுக்குள், அடுப்படியில், கோபத்தில், கொஞ்சலில் வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்டிருக்க வேண்டிய பேர். அந்தப் பெண் அத்தனையையும் அந்த ஒரு ஜெபத்தில் கூப்பிட்டாள்.

கித்தேரியம்மாள் மட்டும் மகனின் காலடியில் உட்கார்ந்தபடி, அழுகையை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தாள்.

குழியில் மண் போட்டார்கள். அங்கேயும் அமலிதான் முதல் பிடி. உபதேசியார் வீட்டுக் கைதான் முதலில் போட வேண்டும். போட்டாள்.

திரும்பும் வழியில் நாட்டாமை அவள் பக்கமாக வந்து நடந்தார். மனிதர் மனசு நெகிழ்ந்து போயிருந்தார்.

"ஒங்கய்யா கொடுத்துவச்சவரு தாயி. எனக்கே கண்ணு கலங்கிருச்சு, நீ ஒரு சொட்டு விடலையே. இனிமே நீதான் எங்களுக்கு உபதேசியார். பொம்பளையா இருந்தா என்ன, வீட்டு ரத்தம்தானே? சாமியார் வரவும் சொல்லிருவோம். கல்யாணம்னு வந்தாக்கூட வேற வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், வீட்டோட மாப்பிள்ளையாப் பாத்துக்கிடுவோம். இப்பவே போயி ஒங்கய்யாகிட்ட பேசிருதேன்."

நல்ல மனிதர்தான். எந்த நாளில் எதைப் பேசுகிறோம் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

அடக்கம் முடிந்தபின் சாவு வீட்டில் தீர்த்தம் தெளிப்பதும் உபதேசியார் வீட்டு வேலைதான். செம்பை எடுத்துக்கொண்டு அமலி தனியாகப் போனாள். முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். மூலைக்கு மூலை தெளித்துவிட்டு உள்ளறைக்கு வந்தாள். கித்தேரியம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். துணைக்கு இருந்த பெண்களைப் பார்த்து, "செத்த வெளிய இருங்க தாயி" என்றாள்.

அவர்கள் போனதும் அமலியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஒன்னு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. இந்த ஊருல எத்தன சாவுக்கு ஒங்கய்யா ஜெபம் கேட்டிருக்கேன். எம் புருசனுக்கும் அவருதான் சொன்னாரு. நடுவுல எங்கயும் பேரு வராதே. நீ மூச்சுக்கு மூச்சு எம்புள்ள பேரச் சொன்னியே, அது ஏன்?"

அமலி குனிந்துகொண்டாள்.

"பாஸ்கா கழியவும் ஒரு வீட்டுக்கு வரணும்மான்னு சொன்னான். யாரு வீடுன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே போயிட்டான். எந்நேரமும் சோலி சோலின்னு நானும் விட்டுட்டேன்." கித்தேரியம்மாளின் குரல் உடைந்தது. "ஒங்க வீடுதானே தாயி?"

"ஆமா அத்தே."

அவ்வளவுதான் சொன்னாள். மாணிக்கத்தைப் பற்றி அவள் இன்னொருவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

கித்தேரியம்மாள் அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அப்ப நீ எங்க வீட்டுப் புள்ள. கோயில்ல எழுதலேன்னா என்ன, எம்புள்ள மனசுல எழுதிட்டான். இனி ஒனக்கு அந்த வீட்டுச் சட்டம் இல்ல. அழு தாயி. எங்கூட சேர்ந்து அழு. அவனுக்காக அழறதுக்கு எனக்கும் ஒரு ஆளு வேணும்."

அமலி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறை இப்போது உருண்டுவிடும் என்று காத்திருந்தாள். கித்தேரியம்மாளும் காத்திருந்தாள். அமலி கண்ணை இறுக்கி மூடினாள். மாணிக்கத்தின் முகத்தை நினைத்தாள், மீசையோரத்து மண்துகளை நினைத்தாள், அது அப்படியே குழிக்குள் போனதை நினைத்தாள். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. கண்ணில் ஈரமில்லை.

"வரமாட்டேங்குது அத்தே" என்றாள். "எனக்கு வரமாட்டேங்குது."

கித்தேரியம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்குமாக அழுதாள். அந்தக் கண்ணீர் அமலியின் கழுத்தில் விழுந்தது.

கதவு கிரீச்சிட்டது. அமலி தலையைத் தூக்கினாள். வாசலில் அம்மா நின்றாள். மகளைக் கூட்டிப்போக வந்தவள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. கித்தேரியம்மாள் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சூசையம்மாள் திரும்பக் கும்பிடவில்லை. திட்டவும் இல்லை.

"எந்திரி. நாட்டாமை வந்து ஒக்காந்திருக்காரு. அய்யா முகத்துல இன்னைக்குத்தான் ஒரு தெளிச்சி வந்திருக்கு. ஒன் வாயால ஒரு வார்த்த கேக்கணுமாம்."

அமலி செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அம்மா முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரிய வேணாம். அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

"நாட்டாமைக்கு என்னம்மா சொல்ல?"

அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் முதுகு குலுங்குவது தெரிந்தது. சத்தம் வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள், மகளுக்காக. அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள், அழலாம். அமலி காய்ந்த கண்ணோடு அம்மாவுக்குப் பின்னால் நடந்து போனாள்.